நான்கு கண்களுக்கு ஒரு கணம்

1970 ஜூன் 13. பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் தொடங்கியது. களமிறங்கிய கார்களில் 29ஆம் எண் தாங்கிய போர்ஷே 908 ஒன்றும் இருந்தது. ஹெர்பர்ட் லிங்கேயும் ஜானதன் வில்லியம்ஸும் அதை மாறிமாறி ஓட்டினார்கள். மற்ற கார்கள் ஜெயிக்க வந்தவை. இந்தக் கார் பார்ப்பதற்கென்றே வந்தது. ஸ்டீவ் மெக்வீன் நடித்து மறு ஆண்டு வெளியான 'லெ மான்' திரைப்படத்துக்காக, அதன் உடலில் முன்பக்கமும் பின்பக்கமும் சினிமா கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள். 35 மி.மீ. படச்சுருள் வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடினால், 1,000 அடிச் சுருளே 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுருள் மாற்றுவதற்காக அந்தக் கார் மீண்டும் மீண்டும் பிட்டுக்குள் (தடத்தோரப் பணியிடத்துக்குள்) வந்து நிற்க வேண்டியிருந்தது. இரவும் பகலும் ஓடி இறுதிவரை தாக்குப்பிடித்தும், விதிப்படி ஓட வேண்டிய தூரத்தை எட்டாததால் முடிவுப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஒரு படக்குழுவே திரண்டு செய்த அந்த வேலையை இன்று தீப்பெட்டி அளவுள்ள கேமராக்கள் செய்கின்றன. வார இறுதிகளில் மட்டும் பந்தயம் ஓட்டுகிறவர்கூடத் தன் காரில் நான்கைப் பொருத்திக்கொள்ளலாம்: சாலையைப் பார்த்து ஒன்று, ஸ்டியரிங்கைப் பார்த்து ஒன்று, கால்களைப் பார்த்து ஒன்று, பின்னால் வருபவரைப் பார்த்து ஒன்று. வீட்டுக்கு வந்து நான்கு படங்களையும் ஒரே திரையில் கட்டம் கட்டி ஓடவிடும்போதுதான் சிக்கல் தெரிகிறது. கை கியரை மாற்றிவிட்டது. கால் இன்னும் கிளட்ச்சைத் தொடவில்லை. முன்கண்ணாடியில் வளைவு வந்துவிட்டது; ஸ்டியரிங் நேராகவே இருக்கிறது. நான்கு கேமராக்களும் உண்மையைத்தான் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் நான்கும் வெவ்வேறு கணங்களைக் காட்டுகின்றன.

சினிமாவில் ஒரு காட்சிக்குப் பின் இன்னொரு காட்சி வருகிறது. முன் கேமராவின் படம் முடிந்து பின் கேமராவின் படம் வரும்போது, இரண்டுக்கும் நடுவே அரை வினாடி விடுபட்டிருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டால் ஒளித்துவைக்க இடமே இல்லை. ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கோ அந்த இடைவெளி பெரிய விஷயம். வளைவுக்கு முன்னால் தேர்ந்த ஓட்டுநரின் வலது கால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, அதே பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டும். இடது கால் கிளட்ச்சில் இருக்கும். கை கியரைக் குறைக்கும். எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். இதில் எது முன், எது பின் என்பதுதான் பாடம்.

மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 50 மீட்டர் கடக்கிறது. வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே கார் 1.67 மீட்டர் நகர்ந்துவிடும். காலைக் காட்டும் படம் மூன்று ஃபிரேம் பிந்தினால், பிரேக் மிதித்த இடம் திரையில் ஐந்து மீட்டர் தள்ளித் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துப் பழகுகிறவர் தவறான இடத்தில் பிரேக் போடப் பழகுவார்.

நான்கையும் ஒரே பொத்தானில் தொடங்கிவிட்டால் போதாதா? போதாது. ஒவ்வொரு கேமராவும் கட்டளையைக் கேட்டு விழித்தெழ எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. அதைச் சரிசெய்தாலும் இன்னொரு பிரச்சினை இருக்கிறது: ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் தனித்தனியாக ஓடுகிறது.

கேமராவின் நேரம் ஒரு குவார்ட்ஸ் படிகத் துண்டிலிருந்து பிறக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அந்தத் துண்டு ஏறக்குறைய மாறாத வேகத்தில் அதிரும். நம் கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை. கேமராவில் பல லட்சம் முறை. அந்த அதிர்வுகளை எண்ணித்தான் கேமரா 'அடுத்த ஃபிரேம்' என்று முடிவெடுக்கிறது. படிகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாதாரணக் கருவிகளில் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் கூடவோ குறையவோ ஓடும். கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் ஒன்று 20 கூடவும் மற்றொன்று 20 குறைவாகவும் ஓடினால், அரை மணி நேரப் பந்தயத்தின் முடிவில் இரண்டுக்கும் இடையே 72 மில்லி வினாடி விழுந்திருக்கும். மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 72இல் நம் கார் 3.6 மீட்டர் போய்விடும். போதாததற்கு, படிகத்தின் வேகம் வெப்பத்தோடும் மாறும். எஞ்சினுக்கு அருகில் வேகும் கேமராவும் எதிர்க்காற்றில் குளிரும் கேமராவும் ஒரே தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை.

1665இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது ஒரு விந்தையைக் கவனித்தார். ஒரே மரச் சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள், எப்படித் தொடங்கிவைத்தாலும் அரை மணி நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிரெதிராக ஆடும் ஒரே லயத்துக்கு வந்து சேர்ந்தன. சட்டத்தின் வழியே பரவிய, கண்ணுக்குத் தெரியாத அசைவுதான் அவற்றை இணைத்தது. ஒரே காரின் உடலில் பூட்டிய நான்கு கேமராக்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வினாடிக்குப் பல லட்சம் முறை அதிரும் சிறு படிகத்துக்குக் காரின் குலுக்கல் கேட்காது. அவற்றை நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும்.

இதில் இன்னொரு பழைய கணக்கும் குறுக்கிடுகிறது. கேமராவின் திரையில் '30' என்று இருந்தாலும் பல நேரங்களில் அது உண்மையில் 29.97தான். அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு அனுமதி கிடைத்தபோது, வண்ணத்துக்கான அலை ஒலிக்கான அலையோடு மோதாமலிருக்க, 30 என்ற வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தத் திருத்தம் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் சட்டைப் பையிலுள்ள கருவிகளில் வாழ்கிறது. ஒரு கேமரா உண்மையாகவே 30இலும் இன்னொன்று 29.97இலும் எடுத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் என்று பொருத்தினால், அரை மணி நேரத்தில் 1.8 வினாடி வித்தியாசம் வரும். அதற்குள் கார் 90 மீட்டர் போயிருக்கும்.

நான்கு பேர் தனித்தனியாக எழுதிய நாட்குறிப்புகளை எப்படி ஒன்றோடொன்று பொருத்துவோம்? நால்வரும் கண்ட ஒரு நிகழ்ச்சியைத் தேடுவோம். ஊரில் பெருமழை பெய்த நாள் நான்கு குறிப்பிலும் இருந்தால், அங்கிருந்து மற்ற நாட்களை எண்ணிக்கொள்ளலாம். கேமராக்களுக்கும் இதே வழிதான். எல்லாமும் சாட்சியாக இருந்த ஒரு நிகழ்வு வேண்டும். ஆனால் அந்த நிகழ்வு ஒவ்வொரு கேமராவுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? மேகத்தையும் கிளியையும் தூதுவிட்ட மொழி நம்முடையது. தூதின் மதிப்பு தூது போகிறவரின் வேகத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சிறிய காரின் உடலிலேயே காணலாம்.

காரின் நீளம் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார் ஒரு பாலத்தின் அடியில் நுழைகிறது. லெ மானிலேயே டயர் வடிவ வளைவாக டன்லப் பாலம் தடத்துக்கு மேலே நிற்கிறது. நிழல் விழுந்ததும் எல்லாக் கேமராக்களிலும் படம் இருளும். நல்ல அடையாளமாகத் தோன்றும். ஆனால் நிழல் காரின் மூக்கிலிருந்து வால்வரை போக, கார் தன் நீளத்தைக் கடக்கும் நேரம் ஆகும். 180 கி.மீ. வேகத்தில் அது வினாடியில் பத்தில் ஒரு பங்கு. மூன்று ஃபிரேம்! எல்லோரும் கண்ட நிகழ்வுதான். ஒரே நேரத்தில் கண்டதல்ல.

ஒலி இன்னும் வேகமான தூது. சினிமாப் படப்பிடிப்பில் கிளாப் அடிப்பதன் நோக்கம் இதுவே. இரண்டு கட்டைகள் மோதும் ஃபிரேமையும் ஒலிப்பதிவில் அந்த 'டப்' எழும் இடத்தையும் சேர்த்தால் படமும் ஒலியும் ஒன்றாகிவிடும். பந்தயக் கார் பிட்டில் நிற்கும்போது பக்கத்தில் நின்று ஒருவர் ஓங்கிக் கைதட்டினாலே நான்கு கேமராக்களின் ஒலிப்பதிவிலும் ஒரு கூரிய முள் விழும். ஆனால் காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மின்னலைக் கண்டு எண்ணத் தொடங்கி இடிக்குக் காத்திருந்த எல்லோரும் அறிந்த தாமதம் இது. ஐந்து மீட்டர் போக ஒலிக்கு ஏறக்குறைய 15 மில்லி வினாடி ஆகும். வினாடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் அது கிட்டத்தட்ட ஒரு முழு ஃபிரேம். அதனால்தான் காரின் மூக்கருகே நிற்காமல், நடுவில் நின்று கைதட்டுவது நல்லது.

கைதட்ட மறந்துவிட்டால் எஞ்சினின் ஒலியே உதவும். கணினி மென்பொருள் இரண்டு ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றின் மீது சிறிது சிறிதாக நகர்த்திப் பார்க்கும். இரண்டு கண்ணாடித் தாள்களில் வரைந்த ஒரே மலைத்தொடரை ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்துவது போலத்தான். சிகரத்தின் மேல் சிகரமும் பள்ளத்தின் மேல் பள்ளமும் வந்து உட்காரும் இடமே சரியான இடம். ஒவ்வொரு நகர்விலும் எவ்வளவு பொருந்துகிறது என்று பெருக்கிக் கூட்டிப் பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் எண் உயர்ந்து நிற்கும்.

பந்தயக் காரில் இதற்கொரு தனிச் சங்கடம் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 200 முறை வெடிக்கிறது. அதாவது, ஒலி ஒவ்வொரு 5 மில்லி வினாடிக்கும் தன்னைத் தானே திரும்பச் சொல்கிறது. ஒன்றை 5 மில்லி வினாடி நகர்த்தினாலும் பொருந்தும், 10 நகர்த்தினாலும் பொருந்தும், 50 நகர்த்தினாலும் பொருந்தும். கச்சேரியில் தம்புரா விடாமல் ஒலிக்கிறது; அதை மட்டும் கேட்டு, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சுருதி இடத்தைச் சொல்லாது; தாளத்தில் விழும் அடிதான் சொல்லும். எஞ்சினின் சீரான முழக்கம் தம்புரா என்றால், கியர் மாறும்போது ஒலி சட்டென்று அறுந்து வேறு சுருதிக்குத் தாவுகிறதே, அது மிருதங்க அடி. இரண்டு கியர் மாற்றங்களுக்கு இடையிலான இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதால், நான்கைந்து மாற்றங்கள் சேர்ந்தால் அந்தத் தொடர் கைரேகை போலத் தனித்துவமாகிவிடும். நேர்ச்சாலையைவிட வளைவுகள் நிறைந்த பகுதியின் ஒலியைக் கொடுத்தால் மென்பொருள் தடுமாறாமல் பொருத்துவது இதனால்தான். காற்று மட்டும் எதிரி. வெளியே பொருத்திய கேமராவின் மைக்கில் எதிர்க்காற்றின் இரைச்சல் எஞ்சினையே விழுங்கிவிடும்.

காற்றுக்கு எட்டாத மூன்றாவது தூது அதிர்வு. வளைவின் உள்விளிம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஓரத்தின் மீது சக்கரம் ஏறும்போது கார் முழுவதும் உலுக்கிப் போகிறது. உலோகத்தின் வழியே அந்த உலுக்கல் வினாடிக்குச் சுமார் 5 கி.மீ. வேகத்தில் பரவும். ஐந்து மீட்டர் காரில் ஒரு மில்லி வினாடி போதும். படம் குலுங்காமலிருக்க உதவும் சுழற்சி உணரிகள் இன்றைய கேமராக்கள் பலவற்றில் இருக்கின்றன. கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அவை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளக்கின்றன. சில கேமராக்கள் அந்த எண்களையும் படத்தோடு சேர்த்தே சேமிக்கின்றன.

இங்கே இயற்பியலின் அழகான உண்மை ஒன்று கைகொடுக்கிறது. திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி வட்டத்துக் குதிரையில் உட்கார்ந்த குழந்தை வேகமாகவும் உள் வட்டத்துக் குழந்தை மெதுவாகவும் போகிறார்கள். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டால் இருவருக்கும் ஒரே விடைதான். வளையாத, நெளியாத எந்தப் பொருளிலும், எந்தப் புள்ளியில் நின்று அளந்தாலும் சுழற்சி வேகம் ஒன்றே. காரின் மூக்கிலும் வாலிலும் காலடியிலும் உள்ள கேமராக்கள் வெவ்வேறு திசை பார்க்கலாம். வெவ்வேறு வேகத்தில் தூக்கிப் போடப்படலாம். ஆனால் கார் வளைவில் திரும்பினால், எல்லாம் அதே அளவு, அதே கணத்தில் திரும்பியாக வேண்டும். நான்கு கேமராக்களின் சுழற்சிக் கோடுகளை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வளைவுக்கு வளைவு, குலுக்கலுக்குக் குலுக்கல் பொருந்திப்போகும். யாரும் கைதட்ட வேண்டாம். ஓட்டமே நேரத்தை எழுதிவைத்திருக்கிறது.

கடைசித் தூது ஒளி. ஐந்து மீட்டரை அது வினாடியில் சுமார் ஆறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். கேமராவின் கண்ணுக்கு அது நேரமே அல்ல. எல்லா லென்ஸிலும் படும்படி ஒரு மின்னொளியை வெட்டினால் போதும். இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. பெரும்பாலான கேமராக்களின் உணரி ஒரு படத்தை முழுதாக ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிவரியாகப் படிக்கிறது. வேகமாகக் கடக்கும் விளக்குக் கம்பம் படத்தில் சாய்ந்து தெரிவது அதனால்தான். நாம் குறை என்று நினைக்கும் அதே பண்பு இங்கே அளவுகோலாகிறது. நொடிப்பொழுது வெட்டிய ஒளி, அப்போது திறந்திருந்த வரிகளில் மட்டும் வெளிச்சப் பட்டையாகப் பதியும். ஒரு கேமராவில் பட்டை மேலேயும் இன்னொன்றில் நடுவிலும் இருந்தால், இரண்டும் ஒரு ஃபிரேமில் எத்தனை பங்கு விலகியிருக்கின்றன என்பதையே அது சொல்லிவிடும்.

ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்த ரேடியோ அலையோ 20,200 கி.மீ. உயரத்திலிருந்தே நேரத்தைக் கொண்டுவருகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக் கடிகாரம் சுமந்து, 'இப்போது மணி இது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே பூமியைச் சுற்றுகின்றன. வழிகாட்டும் கருவி என்று நாம் அறிந்த ஜிபிஎஸ் அடிப்படையில் ஒரு கடிகாரம்தான். இடத்தைக் கணக்கிடுவதே நேர வித்தியாசங்களை வைத்துத்தான். ஐன்ஸ்டைனின் கோட்பாடுகள் சொல்வதுபோல், உயரத்தில் ஈர்ப்பு குறைவது அந்தக் கடிகாரங்களை முந்தவைக்கிறது, செயற்கைக்கோளின் வேகம் சற்றே பிந்தவைக்கிறது; மொத்தத்தில் அவை தரையிலுள்ளவற்றைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்தும். வினாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு. அதையும் கணக்கில் எடுத்துத் திருத்தியே நமக்கு அனுப்புகிறார்கள். நல்ல நேரக் கருவி ஒன்று இந்த அலையைக் கேட்டு, ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்தையும் வினாடியில் கோடியில் ஒரு பங்கு துல்லியத்தில் சொல்லும். அந்த நேரத்துக்குள் நம் பந்தயக் கார் நகரும் தூரம், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தொழில்முறைக் கேமராக்களில் இத்தகைய பொது நேரத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் எண்ணாகப் பதிப்பார்கள்: மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம். அதற்கு டைம்கோடு என்று பெயர். ஊருக்கு ஊர் உச்சிவெயிலைப் பார்த்து மணி வைத்திருந்த இந்தியாவில், ரயில் வந்தபோது இதே தேவை எழுந்தது. ரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த 'மெட்ராஸ் டைம்' தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை அதற்கு மதிப்பிருந்தது. நான்கு கேமராக்களுக்குள்ளும் நடப்பது அதே கதைதான்: உள்ளூர் மணிகளை விட்டுவிட்டு, ஒரே மணிக்கு ஒத்துக்கொள்வது.

டைம்கோடு இல்லாத சிறிய கேமராக்களை வைத்திருப்பவர் என்ன செய்வது? கைதட்டினால் போதும், ஆனால் ஒரு முறை தட்டினால் போதாது. தொடக்கத்தில் தட்டுவது நான்கு படங்களையும் ஒரு புள்ளியில் கட்டிப்போடும். அங்கிருந்து படிகங்கள் அவரவர் வேகத்தில் விலகத் தொடங்கும். பந்தயம் முடிந்து, கார் பிட்டுக்குத் திரும்பி, கேமராக்களை நிறுத்தும் முன் இன்னொரு முறை தட்டினால் விலகல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையே ஒரு கேமரா 1,800 வினாடியும் இன்னொன்று 1,800.072 வினாடியும் எண்ணியிருந்தால், இரண்டாவதை அந்த விகிதத்தில் மிக மிகச் சிறிதாகச் சுருக்கினால் போதும். வெப்பத்தால் நடுவில் வேகம் மாறியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சிவப்பு வெள்ளை ஓரத்தில் கார் வாங்கிய குலுக்கல்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் நடுவழியில் நட்ட மைல்கல்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதற்கு நம் மூளையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவுகோலின்படி, ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவருக்கு உறுத்தும். பிந்தினாலோ 125 வரை பெரும்பாலும் தெரியாது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பிந்தியே வரும். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கையை ஓங்கி அடித்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள மூளை பழகியிருக்கிறது. கண்ணும் காதும் தோலும் தனித்தனியே, வெவ்வேறு நேரத்தில் கொண்டுவரும் செய்திகளை ஒட்டி 'இப்போது' என்று ஒன்றைத் தைத்துக் கொடுப்பது நமக்குள்ளேயே ஓயாமல் நடக்கிறது. எடிட்டிங் மேசையில் நான்கு படங்களை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், மூளை அறியாமல் செய்யும் வேலையை அறிந்து செய்கிறார்.

அந்த வேலை முடிந்ததும் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். முன் கேமராவில் வளைவு நெருங்குகிறது. கால் பிரேக்கில் இறங்கும் அதே ஃபிரேமில் அடிவானம் சற்றே தலை தூக்குகிறது. கை கியரைப் பிடிக்கிறது, கிளட்ச் அமுங்குகிறது, வலது பாதத்தின் ஓரம் ஒரு தட்டுத் தட்டுகிறது, ஒலி அறுந்து மேல் சுருதிக்குத் தாவுகிறது. ஸ்டியரிங் திரும்ப, பின்னால் வந்த கார் கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்கிறது. நான்கு கட்டங்கள் இருக்கின்றன; ஆனால் நாம் பார்ப்பது ஒரு மனிதர் ஒரு வளைவைக் கடப்பதை.